வளாகம் மாறலாம், மாணவர் மாறலாமா?

பினாங்கில் பாதிப் படிப்பில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கும் மாணவர், கெலுகோரிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் படித்தால் பொறாமைப்படுவார். 1969-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவு 1980-களில் பேராக்குக்குக் குடிபோனது; 2001-ல் மூட்டை கட்டிக்கொண்டு பினாங்கு மாநிலத்துக்கே, நிபோங் திபாலுக்குத் திரும்பியது. விட்டுவந்த ஶ்ரீ இஸ்கண்டார் வளாகத்தில் இன்று பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம். ஆய்வுக்கூடம், பேராசிரியர், மேசை, நாற்காலி எல்லாம் மாறின.

ஒரே ஒரு மாணவர் மாறட்டும், பார்க்கலாம்!

நாட்டில் அரசுப் பல்கலைக்கழகங்கள் 20. உள்ளே நுழைய யூபியூ என்ற பொது வாசல் உண்டு. நடுவில் மாற அப்படியொன்று கிடையாது. போய்ச் சேரும் இடத்தின் தயவு வேண்டும். படித்த பாடத்தை ஏற்க உள்ளடக்கம் 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும், குறைந்தது ‘சி’ வாங்கியிருக்க வேண்டும். ஆகவே இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து, தலைப்பு தலைப்பாகச் சம்பந்தம் பேசுவார்கள். ஒரே அமைச்சு, ஒரே தகுதிக் கட்டமைப்பு. ஆனாலும் கோலாலம்பூர் கால்குலஸ், பினாங்கு கால்குலஸுக்குத் தூரத்து உறவுதான்.

மாறும் எண்ணமுள்ளவர்கள் மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட நகலையும் முதல் பருவத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.