கும்மிடிப்பூண்டி கேட்டுக்கு ஏற்ற படிவக் கட்டங்கள்

கைபேசிச் செயலியில் தட்டச்சு செய்வதற்கும், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதற்கும், டிக் அடிப்பதற்கும் வைக்கப்படும் இடம் உள்ளீட்டுக் கட்டம் எனப்படும். இதை டெவலப்பர்கள் ஃபீல்டு என்பார்கள், அலுவலகக் கணக்கர்கள் காலம் (column) என்பார்கள், ஆலை வாசலில் செக்யூரிட்டி வேலையில் இருப்பவர் "இன்னும் எத்தனை சார் இருக்கு?" என்பார். மூவரும் குறிப்பிடுவது ஒன்றையே.

திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பேட்டைகளில், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆனாலும் தேர்வாய்கண்டிகை ஆனாலும் காக்களூர் ஆனாலும், இக்கட்டங்களுக்கு உண்மையான சோதனை நடக்கும் இடம் ஆலையின் கேட். செயலி வருவதற்கு முன் அங்கே லாங் சைஸ் நோட்டு இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பத்திகளில் வண்டி எண், ஓட்டுநர் பெயர், செல் நம்பர், எங்கிருந்து வருகிறது, என்ன சரக்கு, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று எழுதுவார்கள். பேனா சணலில் கட்டப்பட்டிருக்கும். அந்த நோட்டுக்குச் சார்ஜ் தேவையில்லை, அப்டேட் வராது, பாஸ்வேர்டு மறக்காது. மழையில் நனைந்தால் மட்டும் ஹேங் ஆகும். அதன் ஒரே குறை, தலைமை அலுவலகத்தில் இருப்பவரால் அதைத் தன் மேசையிலிருந்து பார்க்க முடியாது என்பதே. செயலி பிறந்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்; கேட்டில் இருப்பவரின் குறையைத் தீர்க்க அன்று. படிவக் கட்டங்களின் எல்லாச் சிக்கல்களுக்கும் மூலம் இதுவே.

தலைமை அலுவலகத்தில் ஐபோன் இருக்கும். கேட்டில் விரிசல் விட்ட ஆண்ட்ராய்டு இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக நிரல் எழுதினால் செலவு இரட்டிப்பாகும் என்பதால், ஒரே நிரலை இரண்டிலும் ஓடவைக்கும் சட்டகங்கள் வந்தன. போன்கேப் 2009இல் வந்தது, அயானிக் 2013இல், ஃபேஸ்புக்கின் ரியாக்ட் நேட்டிவ் 2015இல், கூகுளின் ஃப்ளட்டர் தன் முதல் நிலையான பதிப்பை 2018 டிசம்பரில் கண்டது. மைக்ரோசாஃப்ட் தன் ஜாமரினுக்குப் பதிலாக 2022இல் டாட்நெட் மௌயியைக் கொண்டுவந்து, 2024 மே மாதத்தில் ஜாமரினுக்கு ஆதரவை நிறுத்தியது. பெரும்பாலான சட்டகங்களின் வாக்குறுதியும் ஒன்றுதான்: ஒருமுறை எழுதினால் போதும், எங்கும் ஓடும். எழுத்தையும் படத்தையும் காட்டும் வரை அந்த வாக்குறுதி பெரும்பாலும் நிற்கும். பயனாளர் எதையாவது உள்ளிடத் தொடங்கும்போது ஆட்டம் காணும்.

காரணம், கட்டம் என்பது செயலியின் சொத்தா, போனின் சொத்தா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ரியாக்ட் நேட்டிவ் போனிடமே கட்டத்தைக் கேட்டு வாங்குகிறது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதே நிரல் ஐபோனில் உருளும் சக்கரமாகவும் ஆண்ட்ராய்டில் தட்டினால் திறக்கும் பட்டியலாகவும் தோன்றும். ஃப்ளட்டர் போனை நம்புவதில்லை. எல்லாக் கட்டங்களையும் தானே திரையில் வரைந்துகொள்கிறது. அயானிக் இணையப் பக்கத்தின் கட்டங்களுக்கு நல்ல உடை உடுத்தி அனுப்புகிறது. டிக் அடிக்கும் சதுரக் கட்டம் ஆண்ட்ராய்டில் உண்டு. ஐபோனின் சொந்தக் கட்டங்களில் அது இல்லை, இடவலம் நகரும் சுவிட்ச்தான் உண்டு. எனவே "ஹெல்மெட் அணிந்திருக்கிறார்" என்பதற்குக் கேட்டில் டிக் அடிப்பார்கள். தலைமை அலுவலகத்தில் சுவிட்ச் போடுவார்கள். ஹெல்மெட் இரண்டிலும் இருக்காது.

கட்டங்கள் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. ஃப்ளட்டரில் எழுத்துக் கட்டம், பட்டியல், டிக், தேதி ஆகியவையும் அவற்றைச் சேர்த்துச் சரிபார்க்கும் படிவமும் பெட்டியோடு வருகின்றன. டாட்நெட் மௌயியிலும் ஒரு வரி எழுத, பல வரி எழுத, தேதிக்கு, நேரத்துக்கு எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ரியாக்ட் நேட்டிவ் தொடக்கத்தில் தாராளமாகத்தான் இருந்தது. 2019 முதல் உடல் எடையைக் குறைக்க முடிவு செய்து, பட்டியல், தேதி, ஸ்லைடர், டிக் கட்டம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மையத் தொகுப்பிலிருந்து வெளியேற்றியது. எழுத்துக் கட்டமும் சுவிட்சும் உள்ளே தங்கின. மண்டபம் மட்டும்தான் வாடகைக்கு, பாத்திரமும் ஜமக்காளமும் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கல்யாண மண்டபத்தின் நிலை இது.

வெளியே பார்ப்பது என்றால் ரியாக்ட் நேட்டிவுக்கு என்பிஎம், ஃப்ளட்டருக்குப் பப் டாட் டெவ், டாட்நெட்டுக்கு நூகெட் ஆகிய கிடங்குகளில் தேடுவது. 'டேட் பிக்கர்' என்று தேடினால் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றின் முகப்புப் படம் அழகாக இருக்கும்; கடைசியாகப் புதுப்பித்த நாள் அழகாக இருக்காது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்த நாளை. அடுத்து, தீர்க்கப்படாத புகார்கள் எத்தனை, அவற்றுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்பது. பிறகு உரிமம், ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடுமா என்ற குறிப்பு, அந்தத் தொகுப்பு வேறு எத்தனை தொகுப்புகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருகிறது என்ற விவரம். இந்தக் கடைசி விவரம் அற்பமானதன்று. 2016 மார்ச்சில் சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரித் தொகுப்பு ஒன்றை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து நீக்கியதும், உலகெங்கும் ஏராளமான மென்பொருள்களின் கட்டமைப்பு வேலை நின்றுபோனது. கேட்டில் லாரி நிற்பதற்கு உலகளாவிய காரணமும் இருக்கலாம் என்று டெவலப்பர்கள் சொல்லக் கற்றுக்கொண்டது அதன் பிறகே.

இனி கட்டங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலாவது பெயர்க் கட்டம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போடுவது மரபு. தமிழ்நாட்டு ஓட்டுநரிடம் இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் இல்லை. இனிஷியலைக் குடும்பப்பெயராக இட்டால் "குறைந்தது மூன்று எழுத்து தேவை" என்று வரும். புள்ளியோடு இட்டால் "சிறப்புக் குறியீடுகள் கூடாது" என்று வரும். முடிவில் முதற்பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதி வண்டி உள்ளே போகும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் இது நேராது.

தமிழில் எழுத அனுமதித்தால் நீள வரம்பு குறுக்கே வரும். 'கும்மிடிப்பூண்டி' வாசிப்பவருக்கு 8 எழுத்து. யூனிக்கோடில் 16 குறிகள். ஊர்ப் பெயருக்கு உச்சவரம்பு 10 என்று வைத்தால், ரியாக்ட் நேட்டிவின் எழுத்துக் கட்டம் குறிகளை எண்ணி 'கும்மிடிப்' என்ற இடத்தில் கதவைச் சாத்திவிடும். 'திருவள்ளூர்' 11 குறிகள் என்பதால் கடைசிப் புள்ளியை மட்டும் வாசலில் விட்டுவிட்டு 'திருவள்ளூர' ஆகும். ஃப்ளட்டரின் கட்டம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுவதால் இரண்டு ஊர்களும் முழுதாக உள்ளே போகும். சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் இந்த வேறுபாடு பேசப்படுவதில்லை. அங்கே லோகோவின் நிறம் பேசப்படும்.

இரண்டாவது கீழ்விரி பட்டியல். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஏழு 'திரு'வில் தொடங்குகின்றன: திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர். அகர வரிசையில் திருவள்ளூருக்கு மேலே திருவண்ணாமலை, கீழே திருவாரூர். கட்டம் குறுகலாக இருந்தால் மேலிரண்டும் 'திருவ...' என்றே தெரியும். மூன்றாவதும் உடனே வேறுபடுத்திவிடக் கூடியது அன்று. கட்டைவிரல் சற்று நழுவினால், கும்மிடிப்பூண்டி கேட்டில் நிற்கும் லாரி காவிரிப் படுகைக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் பட்டியலிட்டாலும் விடிவு இல்லை. டி-க்குப் பின் எச் சேர்த்து எழுதினால் தஞ்சாவூர், தேனிக்குப் பக்கத்தில் திருவள்ளூர் இருக்கும். சேர்க்காமல் எழுதினால் வேறிடத்தில் இருக்கும். எந்த எழுத்து சரி என்பதும் நிலையாக இல்லை: 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. தட்டச்சு செய்து தேடக்கூடிய பட்டியல் ஓரளவு உதவும். அதைவிட நல்லது, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்டு மாவட்டத்தைச் செயலியே நிரப்பிக்கொள்வது. 601201 என்று அடித்தவரிடம் எந்த மாவட்டம் என்று கேட்பது மரியாதையன்று.

மூன்றாவது தேதிக் கட்டம். ஒப்பந்தத் தொழிலாளியைப் பதிவு செய்யப் பிறந்த தேதி வேண்டும். ஃப்ளட்டரின் நாள்காட்டி, வேறு தேதி சொல்லாவிட்டால், இன்றைய மாதத்தில் திறக்கும். ஆண்டைத் தட்டினால் ஆண்டுகளின் பட்டியல் வரும் என்பதற்கு அடையாளமாக அங்கே ஒரு சிறு அம்பு உண்டு. அதைக் கண்டவர் சிலரே. மற்றவர்கள் மாதம் மாதமாகப் பின்னோக்கி நடப்பார்கள். 1984இல் பிறந்தவர் ஏறத்தாழ 500 முறை தட்ட வேண்டும். வேலைக்கு எடுப்பதற்கு முன் நடத்தும் உடல்தகுதித் தேர்வாக இதைக் கொள்ளலாம். தொடக்க ஆண்டாக மாதிரி நிரலில் இருந்த 2000ஐ மாற்ற மறந்துவிட்டால், அந்த ஆலையைப் பொறுத்தவரை அதற்கு முன் யாரும் பிறக்கவில்லை. நாள்காட்டியை ஆண்டுப் பட்டியலோடு திறக்கச் சொல்லும் வசதி ஃப்ளட்டரில் உண்டு. நாள், மாதம், ஆண்டு என்று எண்ணாகவே அடிக்க விடுவது அதனினும் எளிது.

நான்காவது, வடிவம் உள்ள எண்கள். கைபேசி எண் 10 இலக்கம். பான் எண் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. ஜிஎஸ்டி எண் 15 இடங்கள். முதலிரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திரத்துக்குள் போனால் 37. அடுத்த பத்து இடங்கள் பான் எண்ணேதான். எனவே ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டபின் பான் எண்ணைத் தனிக் கட்டத்தில் கேட்பது, சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லும் விசாரணை முறை. ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் சுழியம். பயனாளர் அங்கே ஓ என்ற எழுத்தை இடுவார். செயலியே அதைத் திருத்திக்கொள்ளலாம். "தவறான குறியீடு" என்று சிவப்பில் சொல்லி வேடிக்கை பார்ப்பதும் வழக்கத்தில் உள்ளது.

வண்டி எண்ணுக்கு வடிவச் சோதனை வைப்பவர் பெரும்பாலும் டிஎன் 20 என்ற திருவள்ளூர்ப் பதிவை மனத்தில் வைத்து எழுதுவார். தேசிய நெடுஞ்சாலை 16 சென்னையையும் கொல்கத்தாவையும் இணைப்பதால், கேட்டுக்கு நாகாலாந்துப் பதிவு லாரியும் வரும், ஒடிசாப் பதிவும் வரும். தெலங்கானா 2024 மார்ச்சில் தன் பதிவெழுத்தை டிஎஸ் என்பதிலிருந்து டிஜி என்று மாற்றிக்கொண்டதால், பழைய பட்டியலுள்ள செயலி அந்தப் புது லாரிகளை வண்டியாகவே ஒப்புக்கொள்ளாது. 2021இல் வந்த பிஎச் வரிசையில் ஆண்டின் இலக்கங்கள் முதலில் வரும், பிறகே எழுத்துகள். மாற்றலாகி வந்த பொது மேலாளரின் காருக்குத்தான் பெரும்பாலும் அந்த எண் இருக்கும். ஸ்கிராப் லாரி உள்ளே போய்விட, அவர் வெளியே நிற்பார். வடிவச் சோதனையைத் தளர்த்தும் ஆணை அன்று மாலையே பிறக்கும்.

ஐந்தாவது விசைப்பலகை. இது கட்டம் அன்று. ஆனால் கட்டத்தை மறைக்கும். திரையின் அடியில் உள்ள கட்டத்தைத் தொட்டதும் விசைப்பலகை எழும்பி அதன்மேல் அமர்ந்துவிடும். பயனாளர் என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல் நம்பிக்கையின் பேரில் அடிப்பார். ரியாக்ட் நேட்டிவில் இதைத் தவிர்க்கவே ஓர் உறுப்பு உண்டு. ஐபோனின் எண் பலகையில் 'முடிந்தது' என்ற விசையே கிடையாது. உள்ளே போகலாம், வெளியே வர வழி இல்லை. அதற்கான பொத்தானை டெவலப்பரே மேலே பொருத்த வேண்டும்.

ஆறாவது விரல். தொடும் இடம் குறைந்தது 44 புள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். 48 என்கிறது கூகுள். இரண்டு கணக்கும் வெறுங்கைக்கானவை. ரோலிங் மில் தொழிலாளியின் கையுறையை இந்தத் திரைகள் விரலாகக் கருதுவதில்லை. கையுறை கழற்றாமல் வேலை செய்க என்பது பாதுகாப்பு விதி, கையுறை கழற்றாமல் பதிவு செய்ய முடியாது என்பது செயலியின் விதி. கட்டத்துக்குள் மங்கலாக எழுதப்படும் குறிப்பும் இதுபோலப் பயனாளரைச் சிக்கவைக்கும். முதல் எழுத்தை அடித்ததும் அது மறைந்துவிடும். பாதியில் போன் வந்து பேசிவிட்டுத் திரும்பியவர், ஓட்டுநர் பெயரில் சரக்கையும் சரக்கில் ஓட்டுநரையும் ஏற்றியிருப்பார். தலைப்பைக் கட்டத்துக்கு மேலே நிலையாக எழுதுவதே முறை.

ஏழாவதும் இறுதியானதும் அனுப்பும் பொத்தான். 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் பொத்தானில் அடங்காமல் 'சமர்ப்...' என்று நிற்கும், 'அனுப்பு' அடங்கும். சிக்னல் மெதுவாக இருக்கும்போது பொத்தானை அழுத்தியபின் எதுவும் நடக்காததால் மறுபடி அழுத்துவார்கள், பிறகு அதட்டி அழுத்துவார்கள். ஒரு லாரி மூன்று லாரியாகி, மாதக் கடைசியில் ஆலையின் உற்பத்தி அறிக்கை மகிழ்ச்சியளிக்கும். முதல் அழுத்தலிலேயே பொத்தானை முடக்குவதும், பதிவைப் போனிலேயே சேமித்துச் சிக்னல் வந்தபின் அனுப்புவதும் இதற்கு மருந்து.

சட்டகம் எதுவானாலும் ஒரு விதி மாறாது: பயனாளர் நிரப்பும் கட்டத்தைவிடச் செயலி தானே நிரப்பும் கட்டம் நல்லது, இரண்டையும்விடக் கேட்காமல் விடப்பட்ட கட்டம் நல்லது. நேரத்தைப் போன் அறியும். இ-வே பில்லில் உள்ள க்யூஆர் குறியைக் கேமரா வாசிக்கும். ஆகவே கட்டம் தேடிக் கிடங்குக்குப் போகும் முன், டெவலப்பர் ஒரு ஷிப்ட் கேட்டில் நின்று பார்க்கட்டும். லாரி நிற்கும் நேரம் குறைந்தால் கட்டம் சரி. கூடினால், அதற்கு எத்தனை பேர் நட்சத்திரம் கொடுத்திருந்தாலும், அந்தக் கட்டம் தவறு.