அப்பா, எதையும் லேமினேட் செய்யாதீர்கள்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
ஞாயிறு பகல்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இந்தக் கடிதத்தைப் பாட்டிக்கு அப்பாவே படித்துக் காட்டவும். தம்பி கையில் கொடுத்தால் நடுவில் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவான்.

போன வாரம் போனில் பாட்டி கேட்டாரே, "காலையில போய் ராத்திரி வர்றியே, அப்படி என்னத்தடி கூட்டுறே? அவ்ளோ காசு வச்சிருக்கிறவனுக்கு இன்னும் என்ன கணக்கு?" என்று. அதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. கணக்கியல் படித்த காலத்தில் எந்த விரிவுரையாளரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. போனில் விளக்கப் போனால் பின்னால் தம்பி சிரிக்கிற சத்தம்தான் கேட்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன்.

பாட்டி, இங்கே யாரும் கூட்டுவதில்லை. கூட்டல் கழித்தலையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். "இந்தச் செலவுக்குச் சீட்டு எங்கே?" என்று கேட்பதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். எனக்கோ வேலையில் சேர்வதற்கு முந்தின இரவு பொட்டுத் தூக்கமில்லை. விடியும் முன்பே கிளம்பி, ஆபீஸ் திறக்காமல், கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பரமேஸ்வரா இந்தத் தீவிலிருந்து தப்பி ஓடிப் போய்த்தானே மலாக்காவை உண்டாக்கினார்? ஒரு ராஜாவே ஓடிப்போன ஊருக்கு நான் மலாக்கா சென்ட்ரலில் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறேனே என்று தோன்றியது. அவராவது மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு சருகுமான் வேட்டை நாயை எட்டி உதைத்ததைப் பார்த்துத் தைரியம் பெற்றாராம். எனக்கு வாய்த்தது ஒரு மைனா. அது என் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மேனேஜர் கை குலுக்கி, "எந்த ஊர்?" என்றார். மலாக்கா என்றேன். "ஓ, கோழிச்சோற்று உருண்டை!" என்றார். ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்கியது 1819இல். அதற்கு 300 வருடங்களுக்கும் முன்பே மலாக்காத் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள், அதில் ஒருவர் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகர்களைக் கவனிக்கவே இருந்தார், உங்கள் ஊர் மீன் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊரில் நம்மாட்கள் கப்பல் கணக்கு எழுதினார்கள் என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லையே என்று, "ஆமாம் சார், உருண்டை" என்றேன்.

பயம் எதற்கு என்று அம்மா கேட்பீர்கள். தொகையைப் பார்த்து அல்ல. திரையில் மில்லியன் கணக்கில் எண்கள் ஓடும்போது முதலில் கை சில்லிட்டது உண்மைதான். ஆனால் பணம் கட்டும் முறை தெரிந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. வங்கியில் ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நானே நினைத்தாலும் தனியாக ஒரு டாலரைக்கூட வெளியே அனுப்ப முடியாது. பக்கத்து மேசையில் சீன ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார், ரிடையர் ஆகிற வயது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "நாம பாக்கிறது எல்லாம் போன மாசம் செலவான காசு. அது போயாச்சு. நீ பயந்தா திரும்பியா வரும்?" எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைப் போடவில்லை.

நிஜமான பயம் மேசையைப் பற்றியது. நம் வீட்டில் யாரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. பாட்டி சொல்கிற ரப்பர்த் தோட்டத்துக் கதைகளில் கணக்கு எழுதுகிறவர் எப்போதும் கிராணிதான். பால் வாளியோடு வரிசையில் நிற்பது நாம். அவர் நிறுத்து, பாலின் அடர்த்தியை அளக்கிற மெட்ரோலாக்கைப் போட்டுப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கே" என்று ஒரு பார்வை பார்ப்பார். இப்போது மேசை என்னுடையது, பார்வையும் நான்தான் பார்க்க வேண்டும். வருகிறவர்களோ என்னைவிடப் பத்து மடங்கு சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களிடம் போய்ச் சீட்டு எங்கே என்று எந்த வாயால் கேட்பது?

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் 555 நோட்டுப் புத்தகம். அதேதான், தோட்டத்து மளிகைக் கடையில் பாட்டி பேரில் கடன் எழுதின சின்னப் புத்தகம். இங்கேயும் விற்கிறார்கள். சந்தேகம் வந்த நிமிஷமே எழுந்து ஓடாமல் அதில் குறித்துக்கொள்வேன். மாலை நாலு மணிக்கு மொத்தமாக ஆன்ட்டியிடம் கேட்பேன். நாலு மணிக்குள் பாதிக் கேள்விகள் தாமாகவே செத்துப் போயிருக்கும்.

இனி அப்பா கவனிக்க வேண்டிய விஷயம்.

வரிக்கணக்குச் சீட்டுகளை நம் நாட்டில் 7 வருடம் வைத்திருக்க வேண்டும், இங்கே 5 வருடம். ஆனால் கடைகளில் மெஷினிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறதே, அந்த ரசீதில் மையே கிடையாது. காகிதத்தில் ஒரு மருந்து தடவியிருக்கிறது, சூடு பட்டால் கறுக்கும், அதுதான் எழுத்து. சில மாதங்களில் வெளுத்து, திருநீறு பூசின நெற்றிபோல் ஆகிவிடும். ஆகவே எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். எந்த ரசீது வந்தாலும் நகல் எடு. நகலையும் அசலையும் சேர்த்துப் பின் அடி. இரண்டிலும் பாதிப் பாதி விழுகிற மாதிரி ஒரு சாப் (முத்திரை) குத்து. மேலே கையெழுத்துப் போடு. ஒரு வெள்ளி அறுபது காசு கோப்பிக்கும் இதே மரியாதை, முப்பதாயிரம் வெள்ளி மோட்டாருக்கும் இதே மரியாதை.

என் மேசையில் சாப் மட்டும் ஐந்து இருக்கின்றன. 'அசல் பார்க்கப்பட்டது' ஒன்று, 'பதியப்பட்டது' ஒன்று, 'பணம் கட்டியாச்சு' ஒன்று, தேதி ஒன்று, கம்பெனிப் பெயர் ஒன்று. வரிசை மாற்றிக் குத்தக் கூடாது. நகல் மெஷினுக்கு என் கார்டைக் காட்டினால்தான் வாய் திறக்கும். மாதக் கடைசியில் யார் எத்தனை நகல் எடுத்தார்கள் என்று அது ஒரு பட்டியல் துப்பும். அந்தப் பட்டியலுக்கும் ஒரு ஃபைல், அந்த ஃபைலுக்கும் ஒரு நகல். பட்டியலில் முதல் இடம் எனக்கு. பட்டதாரி மகள் எதிலாவது முதலிடம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டீர்களே, வந்துவிட்டேன்.

இந்தச் சட்டத்தைக் கேட்டு ரொம்பப் பொறுப்பானவர் ஒருவர் மிரண்டுபோனார். விற்பனைப் பிரிவில் பெரிய ஆள். வாடிக்கையாளர்களை அழைத்துப் போய் விருந்து வைத்திருக்கிறார். ரசீது வெளுத்துவிடப் போகிறதே என்று கவலைப்பட்டு, அதை லேமினேட் செய்துவிட்டார். லேமினேட் மெஷினில் என்ன இருக்கிறது? சூடு. சூடு பட்டால் அந்தக் காகிதம் என்ன ஆகும்? முழு ரசீதும் மேலிருந்து கீழ்வரை கறுப்பு. பளபளவென்று, ஓரமெல்லாம் ஒழுங்காக வெட்டி, ஒரு கறுப்பு அட்டையை என் மேசையில் வைத்துவிட்டு, "அஞ்சு வருஷம் இல்லை, அம்பது வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்குப் பிரிவே கூடி அதைப் படித்தது. ஆன்ட்டி ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார். ஒருவர் கைப்பேசி விளக்கை அடித்தார். ஒரு கோணத்தில் 286 வெள்ளி, இன்னொரு கோணத்தில் 236. கடைசியில் அதைப் போய்க் கேட்க வேண்டியவள் நான். புதிதாக வந்த ஆள் என்றால் இப்படித்தான். வாக்கியத்தை 555இல் எழுதிக்கொண்டு, கழிவறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டி, "சார், இதற்கு வேறு ஏதாவது சீட்டு..." என்றதுதான் தாமதம். அவர் எழுந்து நின்றுவிட்டார். நெற்றியில் வியர்வை. "மிஸ், நான் பொய்க்கணக்கு எழுதுகிறவன் இல்லை" என்றார்.

அம்மா, அவர் என்னைப் பார்த்துப் பயந்தார்! வயிறு கலங்கிக் கால் நடுங்கிப் போய் நின்றவள் நான். பயந்தது அவர்.

அன்றிலிருந்து எனக்கு நடுக்கம் பாதி குறைந்துவிட்டது. சீட்டு எங்கே என்று கேட்டால் பெரியவன் சின்னவன் எல்லோருக்கும் குலை நடுங்கும் போலிருக்கிறது. அதனால் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். கிராணி அப்படிக் கேட்டிருந்தால் பாட்டி இத்தனை வருடம் அவரைத் திட்டியிருக்க மாட்டார்.

சரி, அவர் கதை எப்படி முடிந்தது என்றால், ரசீது தொலைந்தவர்களுக்கென்று ஒரு பாரம் இருக்கிறது. எங்கே, எப்போது, எவ்வளவு, யாருடன் என்று எழுதி அவர் ஒரு கையெழுத்து, மேனேஜர் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஐந்து நிமிஷம். கறுப்பு அட்டையையும் அதோடு பின் அடித்து ஃபைலில் போட்டாயிற்று. சாப்தான் அதன்மேல் பிடிக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது பாட்டியின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் இல்லாத காகிதம் உண்டா? சம்பளச் சீட்டு, சங்கத்துச் சந்தா ரசீது, சேமநிதிக் கடுதாசி, தாத்தாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு. எங்கள் ஆடிட்டர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒரே ஒரு காகிதம்தான் இல்லை, பிறப்புப் பத்திரம். மெர்டேகா சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு வருடம், 1958 ஆகஸ்டு வரைக்கும், நம் நாட்டில் பிறந்தவர்கள் மலாய்ப் பரீட்சை இல்லாமலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தது. பால் வெட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று பாட்டியின் அப்பா போகவில்லை. அதற்கப்புறம் பாட்டி எத்தனை கவுண்டர் ஏறியிருப்பார்? "சூராட் மானா?", அதாவது சீட்டு எங்கே, என்று கேட்டவர்களில் ஒருவராவது நாற்காலி போட்டாரா? நம் மண்ணில் பிறந்து, நம் மண்ணின் கித்தா மரத்தை முதுகு வளையும்வரை வெட்டியவருக்கு இன்றைக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டைதான். பாஸ்போர்ட் கிடையாது. நாலு மணிநேரப் பஸ்ஸில் வந்து பேத்தியின் மேசையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக முடியாது.

விருந்துச் சாப்பாட்டின் சீட்டைக் கருக்கியவருக்கு ஒரு பாரம், இரண்டு கையெழுத்து. பாட்டி பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் லயத்துக் கங்காணியும் உயிரோடு இருந்தபோது ஒருவராவது அந்த இரண்டு கையெழுத்தை வாங்கியிருந்தால் போதுமே! எனக்கு இதில் கோபம் இருக்கிறது. அது எந்தக் கணக்கில் பதிவது என்று ஆன்ட்டிக்கும் தெரியாது.

அப்பா, பாட்டி இந்த இடத்தில் மூக்கைச் சிந்தினால் நிறுத்தாமல் அடுத்ததைப் படியுங்கள்.

ஜாசின் கடையில் கொடுத்து நீங்கள் வீட்டிலுள்ள காகிதத்தையெல்லாம் லேமினேட் செய்கிறீர்களே, என் பாலர் பள்ளிச் சான்றிதழ் உட்பட, அதெல்லாம் இருக்கட்டும். ஆனால் கடை ரசீது, ஏடிஎம் சீட்டு எதையும் அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள். போன மாதம் புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினீர்கள், கியாரண்டிச் சீட்டு அந்த ரசீதுதான். இதற்குள் கறுத்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், தூக்கம் போய்விடும்.

அம்மா, சாப்பாட்டுக்குக் குறையில்லை. வாடகை அறையில் 'லைட் குக்கிங்' மட்டும்தான் அனுமதி. மேகி லைட், முட்டை லைட். ரசம் கொதிக்கிறவரைக்கும் லைட். தாளிக்கிற நொடியில் வீட்டுக்காரம்மா அறைக்கதவைத் திறந்துவிடுவார்.

சம்பளத்தை மூன்றால் பெருக்கி நம் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். வாடகையையும் அதே மூன்றால் பெருக்கிப் பாருங்கள். சேமநிதி பற்றிக் கேட்டீர்கள். சம்பளப் பட்டியலை நான்தான் தட்டுகிறேன். சிங்கப்பூர்க்காரர்களுக்கு 55 வயது வரை, அவர்கள் சம்பளத்தில் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு. நம்மூரில் இருந்தால் எனக்கும் 11, 13 என்று சேர்ந்திருக்கும். வெளிநாட்டு ஆள் என்பதால் இங்கே என் வரிசையில் பூஜ்ஜியம். மாதாமாதம் அந்தப் பூஜ்ஜியத்தை என் விரலாலேயே தட்டிவிட்டு, வீட்டுக்கு அனுப்புகிற பணத்தோடு எனக்கென்று கொஞ்சம் தனியாக ஒதுக்குகிறேன். அதைத் தொடாதீர்கள்.

மாசி மகத்துக்கு வர முடியாது. அந்த வாரம்தான் ஆடிட்டர்கள் வருகிறார்கள். பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சன்னாசிமலைக்குத் தேர் போகும்போது என் பேரில் ஒரு தேங்காய் உடையுங்கள், ஆடிட்டர்கள் பேரிலும் ஒன்று. அடுத்த மாதக் கணக்கை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரிப் பஸ் பிடிக்கிறேன்.

தம்பி மோட்டார் ரிப்பேருக்குப் பணம் வேண்டும் என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். என்ன ரிப்பேர், எந்தப் பட்டறை, எவ்வளவு, எல்லாம் எழுதிப் பட்டறைக்காரர் சாப்போடு ஒரு சீட்டு வாங்கி வரட்டும். அது இல்லாமல் அம்மா ஒரு காசும் கொடுக்க வேண்டாம். முணுமுணுத்தால், அக்காவிடமே போனில் பேசு என்று சொல்லுங்கள். விற்பனை மேனேஜருக்கே வியர்த்தது, இவன் எம்மாத்திரம்?

அன்புடன்,
உங்கள் மகள்