நாரைக்கு இல்லாத விடுமுறை

எங்கள் மலையின் தேவனூர் நாட்டில் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடிக்குள் செம்போத்து நாள் முழுக்கக் கூவினாலும் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது ஓசிப் பறவை. பறவை என்றால் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும். ஆகவே 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பாதி வேன் வாந்தியெடுத்து, வேடந்தாங்கல் போகிறோம். அதுவும் மே மாதத்தில். நமக்கு அப்போதுதான் விடுமுறை. நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன் என்பது பறவைகளின் பிடிவாதம்.

சீசனில் போனால் மட்டும் என்ன? கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் கழுத்துவரை தலையை விட்டு மீன் தேடும். அந்த நேரம் பார்த்து நம் ஆட்கள் கரையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

உள்ளூர் விவசாயிகள் விவரமானவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குக் காசில்லா உரம். அதனால் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை வாங்கிவிட்டார்கள். தீபாவளிக்கும் வெடி கிடையாது. ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் வந்து சேர 2022 ஆயிற்று.

இடையில் 2020-இல் சரணாலயத்தின் 5 கி.மீ. ஆரத்தை 3 ஆக்க ஒரு முன்மொழிவு. இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறக்கும் நத்தைகுத்தி நாரையிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அதற்கு ஆதார் அட்டை வேறு கிடையாது.