மணலைக் கயிறாகத் திரித்த பாதிரியார்

அமெரிக்க ராணுவம் எந்த நாட்டில் கூடாரம் அடித்தாலும் பின்னாலேயே ஒரு ஹைஸ்கூலும் போய்ச் சேர்ந்துவிடும். உலகப் போர் முடிந்த மறு வருஷமே, 1946-ல், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஒகினாவா தீவில் குபசாகி ஹைஸ்கூல் அப்படி வந்ததுதான். அடேங்கப்பா, அமெரிக்காக்காரன் மூளையே மூளை என்று வாயைப் பிளக்கிறீர்களா? கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். கடல் கடந்து வந்த பட்டாளத்துக்காரனின் பிள்ளைக்கு ஸ்கூல் வைப்பதெல்லாம் நம்ம எழும்பூரில் 1789-லேயே நடந்து முடிந்த சமாச்சாரம். அமெரிக்காவுக்கு அந்த வருஷம்தான் முதல் ஜனாதிபதியே கிடைத்தார்!

கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்கள் மதராஸுக்கு வந்தது சண்டை போட. ஆனால் வருஷம் முழுக்கவா சண்டை நடக்கும்? மற்ற நாட்களில் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். பிறகு ஹைதர் அலியின் பீரங்கியோ, பேதியோ, சாராயமோ, ஏதாவது ஒன்று அப்பாவைக் கொண்டுபோய்விடும். பூனைக்கண்ணோடு தமிழ் பேசித் திரியும் பையன்களைப் பார்க்கப் பார்க்க துரைமார்களுக்குக் கூச்சம். 1787-ல் பெண் பிள்ளைகளுக்கு ஓர் அநாதை இல்லம் திறந்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பையன்களுக்கு. அநாதை இல்லம் என்றதும் அத்தனை பேரும் அநாதைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பல பேருக்கு அம்மா உயிரோடுதான் இருந்தாள். அவள் இந்த ஊர்க்காரி என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பேற்றவர் டாக்டர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் முடிதிருத்துபவரின் மகன். வர்ஜீனியாவுக்குப் போய்ப் புகையிலைத் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். திரும்பும்போது கப்பல் உடைந்து கரை ஒதுங்கினார். 1787-ல் கல்கத்தாவுக்கென்று புறப்பட்டவர் வழியில் மதராஸில் இறங்கினார். பட்டாளத்துப் பாதிரியார் வேலை கிடைத்தது, ஒரே சமயத்தில் ஏழெட்டு ரெஜிமெண்டுகளுக்கு! வேலை? பெரிதாக ஒன்றுமில்லை. சம்பளம்? எல்லா ரெஜிமெண்டிலும் உண்டு. கல்கத்தாவாவது, ஒன்றாவது!

ஆகையால் பள்ளிக் கண்காணிப்பாளர் பதவி தேடி வந்தபோது, எனக்குச் சம்பளமே வேண்டாம் என்று கம்பீரமாக மறுத்துவிட்டார். அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தியாகத்தைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். நாம் இன்னும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்வோம். மதராஸில் கால் வைத்தபோது பெல்லின் கையிருப்பு 128 பவுன் சொச்சம். 1796-ல் திரும்பக் கப்பல் ஏறியபோது 25,900 பவுனுக்கும் மேல். தியாகம் செய்தால் இப்படியல்லவா செய்ய வேண்டும்!

பள்ளியில் பெரிய தலைவலி வாத்தியார்கள்தான். கொடுக்கிற சம்பளத்துக்கு வருகிறவனுக்குப் பாடம் தெரியாது. தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டால் மறுநாளே டபுள் சம்பளத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவான். (ஓ.எம்.ஆர். ரோட்டு ஐ.டி. கம்பெனிகளின் ஹெச்.ஆர். மேனேஜர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காக்கலாம்.)

இப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருந்த பெல், ஒருநாள் காலை குதிரையில் உலாவப் போனார். வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, கையால் அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதச் செலவு இல்லை, மை செலவு இல்லை. பெல் குதிரையைத் திருப்பி, கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆர்க்கிமிடீஸ் கணக்காகக் கூவிக்கொண்டே வீட்டுக்குப் பறந்தார் என்பது கதை. ஒரு வித்தியாசம். ஆர்க்கிமிடீஸ் தானே குளித்தார். நம்ம ஆள் அடுத்தவன் குளிப்பதை வேடிக்கை பார்த்தார்.

மணல் எழும்பூருக்கு வந்தது. கீழ் வகுப்பு வாத்தியார் இது நடக்கவே நடக்காது என்று கையை விரித்துவிட்டார். வெள்ளைக்கார வாத்தியாருக்கு மணலில் கை வைக்க மனசு வருமா? கடுப்பான பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்கிற சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக்கொடு என்றார். பையனுக்கு வயது எட்டு. அவன் சொல்லிக்கொடுத்தான்! பன்னிரண்டு முடிவதற்குள் அவன் பொறுப்பில் 91 பையன்கள். பெல் இதில் ஒரு மகத்தான கல்வித் தத்துவத்தைக் கண்டார். நம் தாத்தாக்கள் கண்டிருந்தால் சட்டாம்பிள்ளையைக் கண்டிருப்பார்கள். திண்ணை வாத்தியார் கண் அசரும்போதெல்லாம் சட்டாம்பிள்ளைதான் ராஜா என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் முதுகுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நியாயமாகச் சொன்னால் பெல் முதுகுகளின் பக்கம்தான் நின்றார். பிரம்புக்குப் பதிலாக ஒரு கறுப்பு நோட்டு வைத்தார். யார் என்ன குறும்பு செய்தான் என்று அதில் ஏறும். வாரம் ஒருநாள் அதைச் சபையில் வாசிப்பார்கள். சக மாணவர்களே ஜூரியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். வாத்தியார் வேலையைக் கொடுத்தாயிற்று, ஜட்ஜ் வேலையையும் கொடுத்தாயிற்று. பெரியவர்களுக்கு மிச்சம் இருந்தது சாப்பாட்டு மணி அடிப்பது மட்டும்தான்.

இந்தப் பையன்களில் ஒருவன் திப்பு சுல்தானுக்கே டியூஷன் எடுத்தான் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். 1792-ல் திப்பு தன் இரண்டு மகன்களைக் கம்பெனியிடம் பணயமாகக் கொடுத்தார். 1794-ல் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்ட காப்டன் டவ்டனின் கோஷ்டியில் வில்லியம் ஸ்மித் என்ற பதினேழு வயசு எழும்பூர் மாணவன், விஞ்ஞானக் கருவிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனான். சுல்தான் முன்னால் சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான். ராக்கெட் விட்டுக் கம்பெனிப் படையைக் கதிகலங்க அடித்தவருக்கு ஒரு பொடியன் பிராக்டிகல் கிளாஸ்! மைசூர்ப் புலி பொறுமையாக உட்கார்ந்து பார்த்தது. இரண்டு வருஷம் கழித்து மகன்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், யாருக்குத்தான் கோபம் வரும்?

லண்டன் திரும்பிய பெல் 1797-ல் தன் மதராஸ் சோதனையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இன்னும் ஆயிரம் வருஷத்தில் இந்த முறை உலகம் பூராவும் பரவிவிடும் என்று அடக்கத்தோடு நம்பினார். மறு வருஷமே ஜோசப் லங்காஸ்டர் என்ற க்வேக்கர் இளைஞர் லண்டனில் அதே பாணியில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஒரே வாத்தியார், ஆயிரம் பிள்ளைகள் என்பது அவருடைய விளம்பரம். அங்கேயும் பிரம்பு கிடையாது. சேட்டை செய்கிற பையனைக் கூடையில் உட்கார வைத்து உத்தரத்தில் தொங்கவிடுவார். முதலில் இருவரும் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டார்கள். பிறகு, கண்டுபிடித்தது நானா நீயா என்று குடுமிப்பிடி. சர்ச் ஆஃப் இங்கிலாந்து பெல் பக்கம், மற்ற சபைக்காரர்கள் லங்காஸ்டர் பக்கம். இரண்டு பேர் ஒரு குழந்தைக்கு அப்பன் நான்தான் என்று அடித்துக்கொண்டார்கள். பெற்ற தாய் இங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

பெல் மணலை மட்டும் நம்மவர்களிடம் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். பையனை வைத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது முழுக்க முழுக்கத் தன் சொந்த மூளை என்றார். அதாவது திண்ணையில் மணலை உற்றுப் பார்த்த மனிதர், அதில் எழுதிய பையனுக்குப் பக்கத்தில் இருந்த பையனைக் கவனிக்கவே இல்லை! பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலிக்காரர் 1623-லேயே கர்நாடகத்து இக்கேரி பக்கம் வந்தபோது, பிள்ளைகள் வாத்தியார் இல்லாமலே மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவர் எந்தக் குதிரையையும் திருப்பவில்லை. பாவம், டூரிஸ்ட்.

இதைவிட வேடிக்கை, உண்மையைப் போட்டு உடைத்தது கம்பெனியின் சொந்தக் கலெக்டர். கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் அனுப்பிய பதிலில், இங்கே மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் சிக்கனமான முறை அருமையானது, இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது சரிதான் என்ற பொருளில் எழுதிவிட்டார். அதே கணக்கெடுப்பில் தென்னாற்காடு ஜில்லாவுக்கு விழுந்த எண் 875 பள்ளிக்கூடங்கள். நெய்வேலியும் அந்த ஜில்லாதான். அங்கே பூமிக்குக் கீழே பழுப்பு நிலக்கரி கிடப்பது யாருக்கும் தெரியாத காலம். பூமிக்கு மேலே சட்டாம்பிள்ளைகள் கிடப்பதும் லண்டனுக்குத் தெரியவில்லை.

லண்டனில் பெல் கொடிதான் பறந்தது. 1811-ல் திருச்சபையின் நேஷனல் சொசைட்டி அவருடைய 'மதராஸ் முறை'யை ஏற்றது. அவர் சாகும்போது பள்ளிகள் 12,000-ஐத் தாண்டியிருந்தன. குளிரில் நடுங்கிக்கொண்டே ஆங்கிலேயப் பிள்ளைகள் தட்டில் மணல் பரப்பி ஏ, பி, சி எழுதினார்கள். லங்காஸ்டர் கடனில் மூழ்கி அமெரிக்கா போய், 1838-ல் நியூயார்க் தெருவில் மிரண்டு ஓடிய குதிரை மோதி இறந்தார். பெல்லுக்கு யோகம் அளித்ததும் ஒரு குதிரைதான். கிரகபலன் ஆளுக்கு ஆள் மாறும் போலிருக்கிறது.

எழும்பூர்ப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்கிறீர்களா? மலையேறிவிட்டார்கள். பட்டாளத்துப் பிள்ளைகளுக்காக ஊட்டியில் 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியோடு எழும்பூர் இல்லத்தை 1870-களில் சேர்த்துவிட்டார்கள். வெயிலுக்குப் பயந்த துரைமார்கள் செய்த காரியங்களில் உருப்படியானது அது.

ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்த பெல்லுக்கு வீட்டில் ஒரே ஒருவரிடம் ஜம்பம் சாயவில்லை. 1800-ல் கல்யாணம், சில வருஷத்தில் பிரிவு. அந்த அம்மாள் அவருக்குக் கடிதம் போடும்போது திட்டை உள்ளே எழுதமாட்டாராம். தபால்காரர் முதல் வேலைக்காரர் வரை எல்லாரும் படிக்கட்டும் என்று வெளியே முகவரியோடு சேர்த்தே எழுதுவாராம். எழுத்தாளர் டி குவின்சி ரசித்து ரசித்துச் சொல்கிறார். கறுப்பு நோட்டு முறையின் இவ்வளவு துல்லியமான பிரயோகத்தை பெல்லே யோசித்திருக்கமாட்டார்.

1832-ல் பெல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். சேர்த்த பணத்தில் ஏறக்குறைய 1,20,000 பவுனைப் பள்ளிகளுக்கே எழுதி வைத்தார். கஞ்சர் என்று பேர் வாங்கியவர் கடைசியில் கொடுத்த கை பெரிய கை! அந்தப் பணத்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்குப் பெயர் மதராஸ் காலேஜ். 1996-ல் நாம் மதராஸைச் சென்னை ஆக்கிவிட்டோம். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்னமும் புத்தகப் பையோடு தினமும் மதராஸுக்குத்தான் போய் வருகிறார்கள்.

தன் வரலாற்றை எழுதவும் பெல் பணம் ஒதுக்கியிருந்தார். எழுத உட்கார்ந்தவர் சாதாரண ஆளில்லை, இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ராபர்ட் சதே. மூன்று தடித்த வால்யூம். முதல் வால்யூமை எழுதிய அளவில் சதே காலமாகிவிட, மீதி இரண்டையும் எழுதி 1844-ல் கரை சேர்த்தது அவருடைய பையன். பெரியவர் ஆரம்பிக்க, பொடியன் முடிக்க... அசல் மதராஸ் முறை!