பழைய இரும்புக் கடையில் கிடந்த உருளை

"பெரிய வாப்பா, இது பீரங்கியா?"

பழைய இரும்புக் கடையில், குவியலுக்கு முன்னால் குந்தியிருந்து தம்பியின் மகன் கேட்டான். வயது பதின்மூன்று. அவன் காட்டியது ஒரு முழ நீளமான வார்ப்பிரும்பு உருளை. மேலெல்லாம் வரிவரியாக முகடுகள், நடுவில் அச்சு நுழையும் துளை. காத்தான்குடியில் பிறந்த பிள்ளை கனத்த இரும்பைக் கண்டதும் ஆயுதம் என்று நினைத்தால் அவனை நோக முடியாது. யுத்தக் கதை கேட்டு வளர்ந்தவன். மெஷின் கதையை நாங்கள்தான் சொல்லாமல் விட்டோம்.

கை வைத்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அது நெல் குத்துகிற மெஷினின் நெஞ்சு.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வளவில் ஒரு நெல் ஆலை இருந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்களில் விளைந்த நெல் மண்முனைத் துறையைக் கடந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சுபஹ் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் இஞ்சின் மாமா ஊதுவிளக்கைப் பற்றவைப்பார். இஞ்சினின் தலைப்பக்கத்தில் இருந்த இரும்புக் குமிழை அந்த நெருப்பு சிவக்கச் சிவக்கச் சூடாக்கும். பிறகு என் உயரத்தையும் தாண்டிய சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார். ஒரே ஒரு "டும்". ஒரு மூச்சு இடைவெளி. அடுத்த "டும்". அதற்குப் பிறகு அஸர் வரைக்கும் அந்தச் சத்தம் ஓயாது.

உம்மாவுக்கு மணிக்கூடு அதுதான். சத்தம் கனத்தால் நெல் போடுகிறார்கள், இலேசானால் மூட்டை மாற்றுகிறார்கள் என்று குசினியில் இருந்தே சொல்லுவா. நின்றுவிட்டால், "போ மகன், நம்மட அரிசி ஆயிட்டுப் போல" என்று என்னைச் சாக்கோடு அனுப்புவா. எங்கள் தெருவில் அந்த மெஷினைத் தெரியாத குழந்தை இல்லை. இன்று அதே ஊரில், அதே இரும்பைக் கையில் தூக்கிக் காட்டினாலும் பெயர் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் ஆலையின் தகரக் கூரை போய்விட்டது. இஞ்சின் அசையவில்லை. ஆனால் மழை நனைத்த அந்த இஞ்சினை முன்போல் யாரும் ஓட்டவில்லை. பிறகு மின்சார மோட்டார் வந்தது. அரிசியை அதிகம் உடைக்காமல் உமி நீக்கும் ரப்பர் உருளை மெஷின்களும் வந்தன. பழையது ஒரு மூலைக்குப் போனது, மூலையிலிருந்து வேலியோரத்துக்குப் போனது, அங்கிருந்து இந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"பீரங்கி இல்ல மகன். கையால தடவிப் பாரு," என்றேன்.

ஒரு முனையில் முகடுகள் திருகாணிபோல் சாய்ந்து ஓடின. அந்தப் பக்கந்தான் நெல் விழும் வாய். சாய்ந்த முகடு நெல்லை உள்ளே தள்ளும். மற்றப் பக்கம் முகடுகள் நேராக ஓடின. அங்கே நெல்லோடு நெல் உரசி, பக்கத்தில் பொருத்திய இரும்புத் தகட்டில் அடிபட்டு உமி கழலும். கீழே அரைவட்டமாக வளைந்த சல்லடைத் தகட்டின் வழியாகத் தவிடு கொட்டும். விரலை வைத்துப் பார்த்தால், நேர் முகடுகளில் ஒரு பக்க விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது. எந்தத் திசையில் சுற்றியது என்பதை அந்தத் தேய்மானமே காட்டிக்கொடுத்தது. 1885இல் பிரேசிலில் எங்கல்பேர்க் என்பவர் உருவாக்கிய மெஷினின் வழிவந்தது இது. கோப்பிக் கொட்டைக்கும் நெல்லுக்கும் தோல் நீக்கிய அந்த அமைப்பு கடல் தாண்டி எங்கள் ஒழுங்கைவரை வந்திருந்தது.

குவியலுக்கு அடியில் ஒரு புல்லியும் கிடந்தது. அதன் விளிம்பில் விரலைக் குறுக்காக ஓட்டச் சொன்னேன். "நடுவுல கொஞ்சம் மேடா இரிக்கி," என்றான். அந்த மேட்டில்தான் விசயம் இருக்கிறது. தட்டையான பெல்ட் ஓடும் சில்லுக்கு நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்கும். உயர்ந்த இடத்தை நோக்கியே பெல்ட் ஏறும் என்பதால் அது பக்கத்தில் நழுவி விழாது. விளிம்பில் ஆழமான பள்ளம் இருந்தால் அது பிற்காலத்து வீ பெல்ட்டுக்கு உரியது. பல் இருந்தால் இன்னொரு பல்லோடு கடிபட்டுச் சுற்றியது. ஒரு விரல் போதும், பாதிக் கதை வந்துவிடும்.

மற்றப் பாதி எழுத்தில் இருக்கும். எங்கள் ஆலை இஞ்சினின் உடம்பில் 'ரஸ்டன் அண்ட் ஹோர்ன்ஸ்பி, லிங்கன்' என்று வார்த்திருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். இங்கிலாந்தின் இரண்டு கம்பெனிகள் 1918இல் ஒன்றானபோது பிறந்த பெயர் அது. அப்படியானால் அந்தப் பெயரைச் சுமந்த இஞ்சின் 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது. அவ்வளவு பெரிய சில்லு ஏன் என்றால், அந்த இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். மிச்ச நேரமெல்லாம் சில்லின் பாரமே அதை இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவு பெரிய சில்லொன்று தனியே கிடந்தால், அதோடு ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் ஒன்று இருந்திருக்கக் கூடும் என்று முதலில் நினைக்கலாம்.

ஆனால் பெயர் செய்தவனைத்தான் சொல்லும், செய்த வேலையைச் சொல்லாது. அதே இஞ்சின் ஓரிடத்தில் நெல் குத்தும், இன்னோரிடத்தில் தண்ணீர் இறைக்கும், வேறோரிடத்தில் மின்சாரம் எடுக்கும். எதற்கு நின்றது என்பதை அது நின்ற நிலமும் அதை ஓட்டிய மனிதரும்தான் சொல்ல முடியும். கல்லடியில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், புதுப்பாலத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்து இது என்ன என்று எவரும் கேட்பதில்லை. நின்றபடியே வேலை செய்த இரும்பு அது. சுற்றி வேலை செய்த இரும்பு அப்படியல்ல, சுற்றல் நின்றதும் வாய் மூடிவிடுகிறது.

இதை நான் பெரிய அளவில் கண்டது வாழைச்சேனையில். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிட்டு, ஐம்பதுகளில் ஓடத் தொடங்கிய கடதாசி ஆலைக்குப் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போனார்கள். வாசலில் மலைபோல வைக்கோல். உள்ளே அதை மருந்து நீரில் அவித்துக் கூழாக்கி, கம்பி வலையில் பரப்பி, தண்ணீரை வடித்து, பிழிந்து, நீராவியால் சூடேறிய உருளைகள் மேல் ஓடவிட்டார்கள். ஒரு முனையில் மாட்டுக்குப் போடுகிற வைக்கோல், மறுமுனையில் நாங்கள் எழுதுகிற கொப்பித் தாள். யுத்தமும் நட்டமும் அந்த ஆலையைப் பல ஆண்டுகள் முடக்கின. பிறகு கழிவுத்தாளை வைத்து மீண்டும் இயக்கப் பார்த்தார்கள். ஓடாமல் நின்ற காலத்தில் அந்த உருளை வரிசையைப் பார்த்த ஒரு பிள்ளை, அதில் ஈரத்தாள் ஓடியது என்று எப்படி ஊகிக்கும்?

ஊரில் எங்களுக்குப் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரம், கைத்தறி எல்லாம் வீட்டுக்குள் இருந்தவை, நினைவிலும் தங்கின. ஆலைக்குள் இருந்தவைதான் கிலோக் கணக்கில் லொறி ஏறுகின்றன. நெல் ஆலை, ஐஸ் ஆலை, தறிக்கூடம் நடத்திய குடும்பங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விற்பதானால் விற்றுவிடுங்கள். அதற்கு முன் அந்த மெஷினை ஓட்டிய கிழவரை ஒரு கதிரையில் இருத்தி, எந்தக் கைபிடி எதற்கு, எந்தச் சத்தம் என்ன சொன்னது என்று கேட்டுப் பதிந்து வையுங்கள். இஞ்சின் மாமாவிடம் நான் கேட்கவில்லை. அவர் மௌத்தாகி இருபது வருடமாகிறது. அந்தக் குமிழ் எவ்வளவு சிவந்தால் போதும் என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரிந்திருந்தது.

உருளையை நிறுத்து, கிலோ விலையைக் கொடுத்து வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "இத வெச்சி என்ன செய்யப் போறீங்க காக்கா?" என்று கேட்டார். பதிலைப் பிள்ளை சொன்னான். சாய்ந்த முகட்டில் விரல் வைத்து, "இதால நெல்லு உள்ள போகும்," என்று தொடங்கி, மழுங்கிய விளிம்புவரை ஒன்றும் விடாமல் சொன்னான். கடைக்காரர் தராசை விட்டு எழும்பி வந்து, தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

இப்போது அது எங்கள் விறாந்தையில் இருக்கிறது. துரு தட்டி எண்ணெய் பூசியிருக்கிறேன்.