உத்தர வீதி யோகி

திருச்சியில் வீட்டிலேயே யோகா தொடங்குகிறவர்களைக் காவிரிப் பாலம் இரண்டாகப் பிரிக்கிறது. பாலத்துக்குத் தெற்கே இருக்கும் தில்லைநகர்க்காரர் முதலில் கடைக்குப் போவார். விரிப்பு, பெல்ட், இழுத்த இழுப்புக்கு வரும் பேன்ட், எத்தனை மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கோடு போட்ட தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கி வருவார். மாதம் முடிவதற்குள் விரிப்பு வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்விடும். மெஷின் அதன்பிறகு ஆடுவதில்லை. அதுவும் ஒரு ஸ்திர ஆசனம்தான். இவரைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

பாலத்துக்கு வடக்கே, ஸ்ரீரங்கத்துக்காரர் கடைக்குப் போகமாட்டார். பூர்வீகத்துக்குப் போவார்.

நம்மவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். உத்தர வீதியில் ரேழி, கூடம், முற்றம் என்று நீளும் பழைய வீடு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் அல்லது யோகா செய்யுங்கள் என்றார் டாக்டர். நடப்பதென்றால் வெயில், மாடு, ஆட்டோ, கோயிலுக்கு வரும் சுற்றுலா வேன். யோகா என்றால் ஆத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அன்றே முடிவாகிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தைத் தொடங்குமுன் அது யாருடையது என்று நிலைநாட்டாமல் ஸ்ரீரங்கத்தில் யாரும் தொடங்குவதில்லை.

“யோக சூத்திரம் பண்ணினது யாரு? பதஞ்சலி. பதஞ்சலி யாரு? ஆதிசேஷன் அவதாரம். ஆதிசேஷன் எங்கே இருக்கார்? இதோ, கூப்பிடு தூரத்திலே, பெருமாளுக்குப் படுக்கையா இருக்கார். அப்போ யோகா எங்கேர்ந்து கிளம்பித்து?”

கேட்பவர் பதில் சொல்வதற்குள் அடுத்த தலைமுறைக்கு வந்துவிடுவார். ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் ‘யோக ரகசியம்’ என்று ஒன்று செய்தார் என்பது மரபு. அந்த நாதமுனிகள் வம்சத்தில் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் பிறந்து, மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, பின்பு சென்னைக்கு வந்து, நூறு வயது வரை இருந்து 1989இல் மறைந்தவர். அவருடைய மச்சினர்தான் பி.கே.எஸ். ஐயங்கார். 1938இல் மைசூரில் எடுத்த ஊமைப் படத்தில் இருவரும் உடம்பை வளைக்கிற வளைப்பைப் பார்த்தால் நமக்கு முதுகு வலிக்கும். ஐயங்கார் 1966இல் ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார், உலகம் முழுக்கப் பரவியது. “வெள்ளைக்காரனே ‘ஐயங்கார் யோகா’ன்னுதான் சொல்றான்” என்று இந்த இடத்தில் நிறுத்தி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொள்வார், ராயல்டி தனக்கு வந்து சேர்கிற மாதிரி.

இந்தப் பரம்பரையை ஒப்பிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஜூன் 21 யோகா தினத்துக்கென்று ஆயுஷ் அமைச்சகம் வகுத்திருக்கும் பொதுப் பயிற்சிக்கும் முக்கால் மணி நேரம்தான். ஆகவே அன்றைய கணக்கு நேராகிவிடுகிறது.

தொடங்குமுன் ஆசி வாங்க வேண்டாமா? திருச்சியிலிருந்து முப்பது கிலோமீட்டரில், சிறுகனூர்ப் பக்கம் திருப்பட்டூர். பிரம்மபுரீஸ்வரர் கோயில். அங்கே பிரம்மா தலையெழுத்தை மாற்றுவார் என்று வியாழக்கிழமைகளில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டம் முண்டியடிக்கும். அதே கோயிலில் பதஞ்சலியின் ஜீவசமாதி இருப்பதாக நம்பிக்கை. சிவன் கோயிலாயிற்றே என்று மாமி ஒரு வார்த்தை கேட்டதற்கு, “அவர் நம்மாத்துப் பிள்ளைடி, அங்கே சம்பந்தியாத்துல தங்கியிருக்கார்” என்று சமாதானம் சொன்னார். பதஞ்சலி முன்னால் சப்பணமிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். கால் மரத்துப்போய் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அதை அவர் சமாதி நிலை என்கிறார்.

ஒரு வழியாகப் பயிற்சி தொடங்கியது. விரிப்புக்கு ரப்பர் ஆகாது, முசிறிக் கோரைப் பாய்தான். ரப்பர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். கோரைப் பாய் மொசைக் தரையில் ஆளையும் ஏற்றிக்கொண்டு ஊஞ்சல் வரைக்கும் போய்வரும். காலை ஐந்தரை, வெறும் வயிறு. டிகாஷன் வாசனை கூடத்துக்கு வரும்போதெல்லாம் வெறும் வயிறு என்ற விதியில் காபி சேருமா என்று ஒரு விசாரணை நடக்கும். திரவம்தானே என்று தீர்ப்பாகும். பிராணாயாமத்துக்கு இடது மூக்கா வலது மூக்கா முதலில் என்பதற்கும் ஒரு விசாரணை உண்டு. ஸ்ரீரங்கத்தில் இந்தக் கேள்வியைப் பொது இடத்தில் கேட்காமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.

சூரிய நமஸ்காரத்தில் பன்னிரண்டு நிலை. முதல் நிலை கைகூப்பி நிற்பது. அதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அறுபது வருஷப் பழக்கம். இரண்டாவது, கையைத் தலைக்கு மேலே தூக்குவது. தேரோட்டத்தில் ‘ரங்கா, ரங்கா’ போட்ட கை, தானாக எழும்பும். மூன்றாவதில் குனிந்து தரையைத் தொட வேண்டும். கை முழங்காலைத் தாண்டி ஒரு சாண் போய், அங்கேயே நின்று தரையை மரியாதையாகப் பார்க்கும். நாலும் ஐந்தும் எப்படியோ கழிந்து ஆறாவதுக்கு வந்தால் அஷ்டாங்க நமஸ்காரம். விழுந்து சேவிப்பது தெரிந்த வித்தைதானே, தடால் என்று விழுந்துவிடுவார். ஏழாவது புஜங்காசனம். பாம்பு படமெடுப்பது போல் மார்பை நிமிர்த்த வேண்டும். சேஷ பரம்பரையாயிற்றே, நிமிர்ந்தார். நிமிர்ந்த கண்ணுக்கு நேரே பீரோவின் அடிப்பக்கம்.

அங்கே என்ன இல்லை? உருண்டு போன பிரஷர் மாத்திரை ஒன்று, போன கொலுவில் காணாமல் போன செட்டியாரின் தலை, மூக்குக்கண்ணாடிக் கூடு, இன்ன காலத்தது என்று சொல்ல முடியாத ஒரு பாதுஷா.

“ஏண்டி, பீரோவுக்கு அடியிலே பெருக்கறதே இல்லையா?”

சமையலறையிலிருந்து மாமி நிதானமாகச் சொன்னாள்: “குனிஞ்சதே குனிஞ்சேள். அப்படியே ஒரு துணியை வாங்கிண்டு துடைச்சுட்டு எழுந்துக்கோங்கோ.”

அன்றோடு கூடத்தில் புஜங்காசனம் நின்றுபோயிற்று.

மாமியை உற்சாகப்படுத்தவும் முயன்றார். பெல்ஜியம் நாட்டு ராணி எலிசபெத், எண்பது வயதை எட்டியவள், பி.கே.எஸ். ஐயங்காரிடம் சிரசாசனம் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னார். “அந்த ராணியாத்துல தளிகைக்கு ஆள் இருந்திருப்பா” என்று கதை அங்கேயே முடிந்தது. உடனே கட்சி மாறி, கோலம் போடுவதே பெரிய யோகாசனம், ஆகையால் பெண்களுக்குத் தனியாகத் தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துக் காட்டினார். இந்தத் தத்துவத்தை எழுதியவர் யாரும் தினம் கோலம் போட்டவராக இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த மாமிகளுக்கெல்லாம் இடுப்பு போனதே கோலத்தில்தான்.

இதற்குள் நம்மவர் தனக்கேற்ற ஆசனங்களைக் கண்டுகொண்டார். முழங்கால் மடங்காதவர்களும் வயதானவர்களும் செய்ய வேண்டும் என்று பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கயிறு, கட்டை, போர்வை எல்லாவற்றையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார் அல்லவா? அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து ஈசிசேர் யோக சாதனமாகிவிட்டது. தினசரியை விரித்துக்கொண்டு அதில் சாய்ந்திருக்கும்போது யாராவது கூப்பிட்டால், பயிற்சியில் இருப்பதாகக் கையைக் காட்டுவார்.

இன்னொன்று சவாசனம். இதில் இவருடைய தேர்ச்சியை மறுப்பதற்கில்லை. அரங்கன் மேற்கே தலை, கிழக்கே திருவடி, தெற்கே திருமுகம் என்று சயனித்திருக்கிறாரே, அதே திசையில் பாயைப் போடுவார். பெருமாளே யோகநித்திரையில் இருக்கும் ஊரில் உட்கார்ந்து செய்வதும் நின்று செய்வதும் அதிகப்பிரசங்கித்தனம் என்பது இப்போது அவருடைய சித்தாந்தம். யோகநித்திரை என்றால் தூங்காமல் தூங்குவது, குறட்டை அதில் வராது என்று வாசலில் தயிர் கொண்டுவரும் பெண்மணி வரை எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

இதன் நடுவே நியூஜெர்சியில் இருக்கும் பேத்தி வீடியோவில் வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் யோகா தினம் கொண்டாடுகிறார்களாம். தாத்தா ஊர் ஸ்ரீரங்கம் என்றதும், அங்கே எப்படிச் செய்வார்கள் என்று ஒரு சூரிய நமஸ்காரம் எடுத்து அனுப்பச் சொன்னாளாம் அவளுடைய டீச்சர்.

“ஆகா, பேஷா அனுப்பறேன்” என்றார் தாத்தா. “ஆனா இப்போ கோயில்ல ஜேஷ்டாபிஷேகம் வரது, அது ஆகட்டும். அப்புறம் ஆடி பொறந்துடும், ஆடியிலே எதையும் புதுசா எடுக்கப்படாது. ஆவணி அவிட்டம், ஸ்ரீஜயந்தி, புரட்டாசி சனிக்கிழமைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. வித்தைன்னா விஜயதசமிதான் உத்தமம். அன்னிக்கு எடுத்து அனுப்பிடறேன்னு சொல்லு.”

“எந்த வருஷ விஜயதசமி தாத்தா?” என்றாள் குழந்தை.

போனை வைத்த கையோடு, அந்த டீச்சர் யாரிடம் பாடம் கேட்டவள், எந்தப் பரம்பரை என்று உடனே விசாரித்து எழுதும்படி மகனுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டார்.