பழைய 'லை' போட்ட பேட்ஜ்

ராயப்பேட்டையில் ஒரு காலத்தில் சட்டைப் பையைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பைக்கு மேலே குத்தியிருக்கும் பேட்ஜ் அவர் எந்தக் கட்சி, புதிதாகச் சேர்ந்தவரா பழைய ஆளா, இன்றைக்கு எங்காவது கூட்டம் இருக்கிறதா என்பது வரை சொல்லிவிடும். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். உங்கள் மாமாவோ பெரியப்பாவோ வெள்ளைச் சட்டையை வண்ணானுக்குப் போடும் முன் பேட்ஜைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்ததைப் பார்த்திருப்பீர்கள்.

இன்று அவ்வை சண்முகம் சாலை என்று பலகை சொல்கிற தெருவை நாங்கள் லாயிட்ஸ் ரோடு என்றே சொல்லி வளர்ந்தோம். எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மையார் கட்சிக்குக் கொடுத்த இடத்தில் அண்ணா தி.மு.க. தலைமைக் கழகம் வந்த பிறகு அந்தத் தெருவின் நடைபாதைக்கே ஒரு களை வந்தது. கரை வேட்டி, துண்டு, கொடி, தலைவர் முகம் போட்ட மோதிரம், சாவிக்கொத்து, இவற்றுக்கு நடுவே அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்த பேட்ஜுகள். பள்ளிக்கூடம் விட்டால் மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு நேரே அங்கே போய் நிற்பேன். எனக்குக் கட்சி கிடையாது, எல்லாக் கட்சி பேட்ஜும் வேண்டும். பழைய பேட்ஜ் என்றால் இரண்டு புதியதைக் கொடுத்துக்கூட மாற்றிக்கொள்வேன். அட்டை பிடித்திருந்த பெரியவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "தம்பி, மூஞ்சியப் பாக்காத, முதுகப் பாரு" என்றார் ஒரு நாள். பேட்ஜ் பார்க்கும் கலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடமும் முக்கியப் பாடமும் அதுதான்.

முதுகில் என்ன இருக்கிறது? ஊக்கு இருக்கிறது. பழைய தகர பேட்ஜில் அச்சிட்ட தாளின் மேல் செல்லுலாய்டு ஏட்டை வைத்து, விளிம்பை உள்பக்கமாக மடக்கி அழுத்தி, அந்த மடிப்புக்குள்ளே கம்பியைச் செருகியிருப்பார்கள். பித்தளை பேட்ஜில் ஊக்கைப் பற்றவைத்திருப்பார்கள். ஈயம் உருகி வழிந்த தடம் தெரியும். வருஷக்கணக்கில் சட்டையில் கிடந்ததென்றால் வியர்வை ஊறித் துரு அந்த ஊக்கின் காலடியில் தொடங்கி மெல்ல வெளியே பரவும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழசாக்கியது அப்படி இராது. எங்கும் ஒரே மாதிரி செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருக்கும். முகத்தைப் பார்ப்பதானால் லென்ஸ் வேண்டும். பிளாக் செய்து அச்சடித்த படத்தில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். இன்றைய கணினி அச்சில் மை பொடிப்பொடியாகத் தூவிக் கிடக்கும்.

இதெல்லாம் எந்த நாட்டு பேட்ஜுக்கும் பொருந்துகிற சோதனை. டிஸ்னி பூங்காக்களின் பின்களை மாற்றிக்கொள்கிறவர்களும் பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே பதித்த மிக்கி உருவங்கள் ஓரம் வரை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். சோவியத் பேட்ஜ் சேர்க்கிறவர்கள் நாணயச்சாலை முத்திரையையும் பின்னால் பொறித்த கோபெக் விலையையும் தேடுகிறார்கள். ஆனால் நம் பேட்ஜுக்கென்று நம்மிடம் மட்டும் ஒரு சோதனை இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் பூரிப்பு. அதுதான் எழுத்து.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் புது உரு எடுத்தன. அதுவரை 'லை' என்ற எழுத்துக்கு மேலே யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். 'ணா'வின் வால் கீழே வளைந்து சுருண்டிருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: 'இரட்டை இலை'யில் லை இருக்கிறது, 'புரட்சித் தலைவர்' என்பதில் லை இருக்கிறது, 'அண்ணா' என்ற பெயரிலேயே ணா இருக்கிறது. 1973 பேட்ஜ் என்று ஒருவர் நீட்டுகிறார், அதில் 'தலைவர்' புது எழுத்தில் இருக்கிறது என்றால் மேலே பேசவே வேண்டாம், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய எழுத்து இருந்தால் மட்டும் உடனே நம்பிவிடக் கூடாது. ஆணை வந்த பிறகும் பழைய அச்சையே வைத்துச் சில காலம் அடித்தவர்கள் உண்டு. பெரியார் பேட்ஜுக்கோ இந்தக் கணக்கே செல்லாது. அவருடைய 'குடிஅரசு' 1935-லேயே புது எழுத்துக்கு மாறிவிட்டது.

எழுத்துக்கு அடுத்தது வரலாறு: பேட்ஜில் இருப்பது அது சொல்லும் ஆண்டுக்குப் பொருந்த வேண்டும். அண்ணா தி.மு.க. பிறந்தது 1972 அக்டோபரில். இரட்டை இலை முதலில் ஜெயித்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். கட்சியின் பெயருக்கு முன்னால் 'அனைத்திந்திய' சேர்ந்தது 1976-இல். எம்.ஜி.ஆருக்கு 'பாரத ரத்னா' கிடைத்தது 1988-இல். 1967 ஜனவரி 12 அன்று குண்டடிபட்ட எம்.ஜி.ஆரை முதலில் கொண்டுவந்தது எங்கள் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குத்தான், அன்று தெருவே அங்கே போய் நின்றது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் படம் அந்த ஆண்டுத் தேர்தலில் சுவரெல்லாம் இருந்தது. அந்தப் படம் போட்ட 1967 பேட்ஜ் என்று யாராவது சொன்னால், கூட இருப்பது அப்போது அவர் இருந்த தி.மு.க.வின் உதயசூரியனா என்று பாருங்கள். இரட்டை இலை இருந்தால் அது பின்னால் யாரோ ஆசைக்குச் செய்துகொண்டது.

அரிய பேட்ஜ் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: சேவலும் இரட்டைப் புறாவும். எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. பிப்ரவரியில் அணிகள் சேர்ந்து இலை திரும்பி வந்ததும் அந்த பேட்ஜுகளைக் குத்திக்கொள்ள ஆளில்லை. சில வாரமே வாழ்ந்த சரக்கு. அந்தத் தெருவில் அன்று அவை கை நிறையக் கிடைத்தன; இன்று ஒரு நல்ல புறாவைப் பார்ப்பது அரிது. 2017-இல் கட்சி மறுபடி பிளந்து, இலை முடங்கி, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்காகத் தொப்பியும் மின்கம்பமும் வந்தபோது எனக்கு அந்த ஜனவரிதான் நினைவுக்கு வந்தது. தேர்தலே ரத்தாகி, அந்த ஆண்டு நவம்பரில் இலை மீண்டும் கிடைத்து, தொப்பியும் மின்கம்பமும் சேவலும் புறாவும் போன வழியே போயின. ஒரு வித்தியாசம்: சேவல் பேட்ஜைத் தட்டி வளைத்த பட்டறைக்காரரின் கை அதில் தெரியும், ஒன்றுக்கு ஒன்று சாயம் கூடும் குறையும், கணினியில் அடித்த தொப்பி ஆயிரமும் ஒரே முகம். வேகமும் மலிவும் வந்ததை நான் குறை சொல்லவில்லை, ஆனால் ஒரே மாதிரி பத்து பேட்ஜில் நல்லதைத் தேடி எடுக்கும் அந்தக் கால் மணி நேர சுகம் போய்விட்டது.

இன்று எங்கள் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் எஸ்டேட் இருந்த இடத்தில் பேரங்காடி வந்துவிட்டது. பைகளில் வெளிநாட்டுக் கார்ட்டூன் பின்களைக் குத்திக்கொண்டு பிள்ளைகள் போகிறார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. பழைய பேட்ஜுகளோ கைப்பேசித் திரையில் விலைக்கு வருகின்றன. முன்பக்கப் படம் மட்டும் போடுவார்கள். முதுகைக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் பதில் எழுதுவதில்லை. காட்டாததை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பேட்ஜின் நிலைமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீறலில்லாத, குத்தவே படாத பேட்ஜுக்குத்தான் விலை அதிகம். நான் ஒப்புவதில்லை. விளிம்பில் சாயம் தேய்ந்து, ஊக்கு லேசாக வளைந்து, செல்லுலாய்டு மஞ்சளித்த பேட்ஜ்தான் மாநாட்டுக்குப் போய் வந்த பேட்ஜ். உடைந்ததும் படம் உரிந்ததும் வேறு; தேய்ந்தது என்பது அதன் வேலையை அது செய்ததற்கான சாட்சி.

உங்கள் வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னாலோ தையல் டப்பாவிலோ ஒன்று கிடக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பிராஸோ பாலிஷ் பக்கமே போகாதீர்கள். களிம்போடு முலாமும் எனாமலும் போய்விடும். உலர்ந்த துணியால் ஒற்றி, தனியாக ஒரு காகித உறையில் போட்டு, யார் குத்தியிருந்தது, எந்தத் தேர்தல், எந்த ஊர் என்று உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.